நாடக இரவு குறித்துச் செட்டிநாட்டுத் திருவிழாக் கமிட்டியினருக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களில் திருவிழா நடத்தும் நகரத்தார், நாட்டார், ஊரார் அனைவருக்கும், மண்டகப்படிதாரர்களுக்கும், விழாக் கமிட்டிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

தை பிறந்துவிட்டால் நம் ஊர்களில் கமிட்டிக் கூட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. காப்புக் கட்டும் நாள், தலைக்கட்டு வரி, மண்டகப்படி வரிசை, பந்தல், மின்விளக்கு, வாணவேடிக்கை என்று ஒவ்வொன்றையும் பேசித் தீர்த்துவிட்டு, "ராத்திரிக்கு என்ன வைக்கலாம்?" என்ற கேள்விக்கு வரும்போது பாதிப் பேர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த அவசரத்தில் பிறக்கும் பதில்தான் நம் பகுதி இசை நாடகத்துக்கு இன்று விதியாக இருக்கிறது. இந்த மடலைக் கலை பண்பாட்டுத் துறைக்கோ அமைச்சருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இதுவே. நானும் காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் விழாக் கமிட்டியில் இருப்பவன். கணக்கு நோட்டு என் பொறுப்பில் இருக்கிறது. ஆகையால் வெளியே நின்று குறை சொல்லும் ஒருவனின் மடலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாடகம் ஏன் நலிந்தது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர், சினிமா வந்தது, டி.வி. வந்தது, செல்போன் வந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். காலக் கணக்குத்தான் இடிக்கிறது. தமிழில் பேசும் படம் வந்தது 1931-இல். அதற்கு அறுபது ஆண்டுகள் கழித்தும், 1990களில்கூட, மாசி தொடங்கி ஆடி முடியும் வரை காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை வட்டாரத்தில் எங்காவது ஓர் ஊரில் விடிய விடிய நாடகம் நடந்துகொண்டுதான் இருந்தது. டூரிங் டாக்கீஸ் இருந்த ஊரிலும் நடந்தது. சினிமாவோடு இரண்டு தலைமுறை அருகருகே வாழ்ந்த ஒரு கலை அதற்குப் பிறகு இவ்வளவு விரைவாகச் சுருங்கியிருக்கிறது என்றால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். என் கருத்தில் அது நம் வரவு செலவு நோட்டிலும் நாம் ஒதுக்கும் நேரத்திலும் இருக்கிறது.

கொஞ்சம் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். இன்றைய கமிட்டிகளில் இருக்கும் இளைஞர்களுக்கு இது யாரும் எடுத்துச் சொல்லாத கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மராத்தி, பார்சி நாடகக் குழுக்கள் தமிழ்நாட்டுக்கு வந்து எழுதிய திரைகளையும் பக்கத் தட்டிகளையும் காட்டிச் சென்ற பிறகு, நம் கூத்து மரபும் கர்நாடக இசையும் அந்த மேடையோடு கலந்து புது நாடகம் ஒன்று உருவாயிற்று. அதற்கு வடிவம் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அவர் ஆக்கிய நாடகங்களின் பாட்டும் வசனமும் நடிகர்களுக்குப் 'பாடம்' ஆயின. அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று நாடகக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 1918-இல் அவர் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்ற பிள்ளைகள் அங்கே பயின்றவர்கள்தாம். ஜெகந்நாத அய்யரின் சபை, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை என்று இத்தகைய கம்பெனிகள் பல எழுந்தன. புதுக்கோட்டையில் பிறந்த பி.யு. சின்னப்பா ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் கதாநாயக வேஷம் கட்டும் ராஜபார்ட்டாக இருந்தபோது, அதே கம்பெனியில் சிறுவனாக வேஷம் கட்டிக்கொண்டிருந்தவர் எம்.ஜி.ஆர்.

கம்பெனி என்றால் ஓர் ஊரில் வந்து கொட்டகை போட்டு, மாதக்கணக்கில் தங்கி, டிக்கெட் விற்று நாடகம் நடத்துவது. அதற்குக் கையில் காசு புழங்கும் ஊர் வேண்டும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் தொழில் செய்ய, நம் பேச்சில் 'கொண்டுவிற்க'ப் போன நகரத்தாரின் ஊர்களில் அது புழங்கியது. நாடகக் கம்பெனிகள் கடல் கடந்து போனதும் பெரும்பாலும் அதே நாடுகளுக்குத்தான். 1930-ஐ ஒட்டிய உலகப் பொருளாதார மந்தத்தில் அந்தக் காசு வற்றத் தொடங்கியது. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது பர்மாவில் இருந்ததெல்லாம் கைவிட்டுப் போயிற்று. கொட்டகைக் கம்பெனிகளின் காலம் இங்கே மங்கியதற்குச் சினிமாவைப் போலவே இதுவும் காரணம். சினிமாவும் நாடகத்துக்கு முற்றிலும் அந்நியமாக வந்து நிற்கவில்லை. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் 1940களின் நடுவில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு, 1947-இல் வெளியிட்ட 'நாம் இருவர்' படமே ப. நீலகண்டனின் மேடை நாடகம்தான். என்.எஸ். கிருஷ்ணனின் குழு மேடையில் நடத்தி வந்த நாடகம் அது. அந்த ஸ்டூடியோ மறு ஆண்டே சென்னைக்குப் போய்விட்டது. நம் ஊரில் நிலைத்து நிற்காத சினிமாவின் மேல் நம் ஊர் நாடகத்தைக் கொன்ற பழியைப் போடுவது எனக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது.

கம்பெனிகளை விட்டு விலகியபோதும், பின்னாளில் அவை கலைந்தபோதும், அவற்றில் வளர்ந்த நடிகர்கள் ஊர் ஊராகச் சிதறினார்கள். ஆனால் எல்லோர் மனத்திலும் இருந்தது ஒரே பாடம். மதுரையில் இருக்கும் வள்ளியையும் திண்டுக்கல்லில் இருக்கும் நாரதரையும் புதுக்கோட்டையில் இருக்கும் வேலனையும் தனித்தனியே தேதி வாங்கி ஓர் ஊர்ப் பொட்டலில் ஒரு ராத்திரிக்கு மட்டும் சேர்த்துவிட்டால், ஒத்திகையே இல்லாமல் நாடகம் நடந்துவிடும். இதுதான் ஸ்பெஷல் நாடகம். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1920களின் கடைசியில் இணைந்து பாடிப் புகழின் உச்சியில் நின்றது இந்த வகை மேடையில். சுதந்திரப் போராட்டத்தின்போது வள்ளி ஆயலோட்டும் இடத்தில் பறவைகளை விரட்டுகிற பாட்டு வெள்ளையரைக் குறிக்கும் வெள்ளைக் கொக்கை விரட்டும் பாட்டாக மாறியதும் இந்த மேடையில்தான். இத்தகைய பாட்டுகளுக்காகவே பலமுறை சிறை சென்ற விஸ்வநாத தாஸ், 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளில் சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர்விட்டார்.

ஊர்த் திருவிழாவில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு டிக்கெட் கிடையாது. அதன் செலவைக் கோயில் திருவிழா ஏற்றது, மண்டகப்படிதாரர்கள் ஏற்றார்கள், நம் பாட்டனார்கள் கொடுத்த வரி ஏற்றது. கொட்டகைக் கம்பெனி மக்கள் வாங்கிய டிக்கெட்டில் வாழ்ந்தது. ஸ்பெஷல் நாடகம் கமிட்டியின் தீர்மானத்தில் வாழ்ந்தது. சினிமாக் கொட்டகை பக்கத்திலேயே இருந்தும் அது அழியாமல் இருந்ததன் ரகசியம் அதுதான். அந்த வலிமையே இப்போது அதன் பலவீனமாகவும் ஆகிவிட்டது.

பார்த்திராதவர்களுக்காக ஓர் இரவைச் சொல்கிறேன். சாயங்காலமே பெண்கள் பொட்டலில் பாயை விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், பலவகை ஒலிகளை எழுப்பும் ஆல்ரவுண்ட் என்று பக்கவாத்தியக்காரர்கள் வரிசையாக அமர்வார்கள். அன்று காலைவரை ஒருவரையொருவர் பார்த்திராத நடிகர்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அரிதாரம் பூசிக்கொண்டே, யாருக்கு எந்தச் சுருதி, எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று நாலு வார்த்தையில் பேசிக்கொள்வார்கள். ராஜபார்ட்டுக்கு ஐந்து கட்டைச் சுருதி, கதாநாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட்டுக்கு வேறு கட்டை என்றால் இருவரும் சேர்ந்து பாடும் இடத்தை எப்படிச் சமாளிப்பது என்பது ஆர்மோனியக்காரரின் தலைவலி. முதலில் கோமாளியான பபூன் வருவார். அவர் தனியாகப் பேசிப் பாடி, டான்ஸ் ஆடுபவரோடு மல்லுக்கு நின்று, கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டுப் போன பிறகே கதை தொடங்கும்.

வள்ளி திருமணத்தில் உயிரான இடம் தர்க்கம். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண் வீசும் வள்ளியிடம் நாரதர் வந்து, கல்யாணம் என்றால் என்ன, கன்னிப் பெண்ணுக்குக் காவல் எது, துறவி பெரியவரா, இல்லறத்தான் பெரியவரா என்று கேள்வியாகக் கேட்பார். இதற்கு எழுதி வைத்த வசனம் கொஞ்சமே. மற்றதெல்லாம் அந்த நேரத்தில் பிறப்பது. நாரதர் திருக்குறளில் ஒன்றை எடுத்துப் போட்டால் வள்ளி திருமந்திரத்தில் ஒன்றை எடுத்துத் திருப்பி அடிக்க வேண்டும். அவர் ஒரு ராகத்தில் விருத்தம் இழுத்தால் இவர் அதே ராகத்தில் பிடித்து வேறிடத்தில் இறக்க வேண்டும். பதில் வர அரை விநாடி தாமதமானால் பொட்டலில் இருக்கும் கிழவிகளுக்குத் தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவர்கள். ஆனால் எந்த வள்ளி எந்த நாரதரிடம் எந்த ஊரில் மடங்கினாள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பட்டிமன்றத்துக்கு நாம் இன்று அள்ளிக் கொடுக்கிற கைதட்டலுக்கு உரிய பழைய சொந்தக்காரர்கள் இந்த வள்ளிகளும் நாரதர்களும்தான் என்பது என் எண்ணம். பிறகு வேடன் வருவான், வேங்கை மரமாவான், கிழவனாவான், யானை வரும், கிழக்கு வெளுக்கும் நேரத்தில் வள்ளிக்குக் கல்யாணம் ஆகும்.

இனி நோட்டுக்கு வருகிறேன். முன்பெல்லாம் எங்கள் ஊர்க் கணக்கில் நாடகம் என்று ஒரு பக்கம் தனியாகவே இருக்கும். நடிகர்கள் ஒவ்வொருவருக்கும் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த முன்பணம், மீதி, சீன் வாடகை, பெட்ரோமாக்ஸ் விளக்கு, பிற்காலத்தில் மைக் செட், சாப்பாடு என்று அந்தப் பக்கம் நிரம்பியிருக்கும். இப்போது அந்தப் பக்கம் "இதர கலை நிகழ்ச்சி" என்ற ஒரு வரியாகக் குறுகிவிட்டது. ஆடல் பாடல் குழுவுக்கான ஒலி ஒளி அமைப்புக்கு மட்டும் நாங்கள் கொடுக்கும் தொகையில் ஒரு நாடகம் முழுவதையும் பக்கவாத்தியத்தோடு வைத்துவிடலாம். நாடகத்துக்குச் செலவு அதிகம் என்ற பேச்சைக் கமிட்டிகளில் கேட்கும்போதெல்லாம், யாராவது ஒருவர் அந்த இரண்டு தொகைகளையும் அருகருகே எழுதிப் பார்த்தால் போதும் என்று தோன்றும்.

பணம் குறைந்ததைவிட வலுவான அடி நேரத்தில் விழுந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்திக் கொடுக்கலாம் என்பதே அதில் உள்ள விலக்கு. விதியில் தவறில்லை, நோயாளிகளும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் உள்ள ஊரில் அது வேண்டியதே. ஆனால் பத்து மணிக்குத் தொடங்கி விடியும்போது முடியும் ஒரு கலைக்கு அந்த விதி என்ன செய்யும் என்பதை நாம் யோசிக்கவே இல்லை. சாமி புறப்பாடு முடிய ஒன்பது மணி, அன்னதானம் முடிய ஒன்பதரை, அதன்பின் பிரமுகர்களுக்குப் பொன்னாடை, பிறகு நாடகம் என்று பழைய வரிசையையே வைத்துக்கொண்டோம். பபூன் மேடையேறும்போது காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து நிற்கும். "சுருக்கமா முடிங்க" என்று நாம் மேடைக்குச் சீட்டு அனுப்புவோம். நாரதர் வந்தார், போனார். தர்க்கமே இல்லாமல் வள்ளிக்குக் கல்யாணம் ஆயிற்று. அதைப் பார்த்த பிள்ளைகள் இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியுமா?

ஆடல் பாடலுக்கு அனுமதி மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை மனுப் போடுகிற ஊர்கள் நம் பக்கத்தில் உண்டு. நாடகத்துக்காக எந்தக் கமிட்டியாவது ஒரு மனு எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இளைஞர்கள் தரப்பையும் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைத்து வரிக்குப் பணம் அனுப்புகிறவர்கள் அவர்கள். பந்தக்கால் ஊன்றும் நாளிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை ஓடியாடி வேலை செய்கிறவர்களும் அவர்களே. தங்களுக்குப் பிடித்த ஓர் இரவை அவர்கள் கேட்பதில் தவறில்லை. எட்டு நாள், பத்து நாள் விழாவில் அவர்களுக்கும் ஓர் இரவு உண்டு, நாடகத்துக்கும் ஓர் இரவு உண்டு. ஒன்றை வைக்க மற்றதை எடுக்க வேண்டும் என்ற பேச்சு எந்தக் கூட்டத்தில் எப்போது தொடங்கியது என்று எனக்குப் புரியவில்லை.

நாடகக்காரர்கள் பக்கத்திலும் குறை உண்டு. மூடி மறைப்பதில் பயனில்லை. பபூன் காட்சியில் இரட்டை அர்த்தம் எல்லை தாண்டிப் போனதும், பெண்ணைப் பெண் என்பதற்காகவே மட்டம் தட்டும் சிரிப்பு பெருகியதும், ராஜபார்ட்டே கதையை நிறுத்திவிட்டுச் சினிமாப் பாட்டுப் பாடத் தொடங்கியதும் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தவர்களை எழுந்துபோக வைத்தன. ஆனால் இதிலும் நம் பங்கு இருக்கிறது. நடுவில் துண்டுச் சீட்டில் பாட்டுப் பெயர் எழுதி, ரூபாய் நோட்டைச் சேர்த்து மேடைக்கு அனுப்பியவர்கள் யார்? "இன்னார் அன்பளிப்பு ரூ. 101" என்று மைக்கில் வாசிக்கச் சொல்லி, விருத்தத்தின் நடுவே பாட்டை நிறுத்தியவர்கள் யார்? சம்பளத்தைக் குறைத்துவிட்டு, குறைந்ததை அன்பளிப்பில் ஈடுகட்டிக்கொள்ளுங்கள் என்று நாம் சொன்ன பிறகு, அன்பளிப்பு எந்தப் பாட்டுக்கு வருகிறதோ அந்தப் பாட்டைத்தான் நடிகர் பாடுவார்.

ஸ்திரீபார்ட் கலைஞர்களுக்கு நாம் செய்வது இதைவிடச் சங்கடமானது. மேடையில் அம்மன் வேஷம் கட்டி வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற நாமே, அவர் வேன் ஏறப் போகும்போது 'நாடகக்காரி' என்று சொல்கிற தொனி வேறாக இருக்கும். உடை மாற்றக் கதவு உள்ள ஓர் அறை, ஒரு கழிப்பறை, ராத்திரி முழுவதும் பாடிய தொண்டைக்கு விடியற்காலையில் சூடாக ஏதாவது, திரும்பிப் போகும் வேனுக்கு ஊர் எல்லை வரை ஆள் துணை. இவ்வளவும் செய்து கொடுக்கும் ஊர்களை நான் அறிவேன். அந்த ஊர்களுக்குக் கலைஞர்கள் சம்பளம் குறைவென்றாலும் தேதி கொடுக்கிறார்கள். மற்ற ஊர்களின் பெயரை இங்கே சொல்லவில்லை. சொல்லப்பட வேண்டியவர்களுக்குத் தெரியும். இந்தத் தொழிலுக்குத் தன் மகளை அனுப்ப எந்தத் தாயும் தயங்குவாள் என்ற நிலையை வைத்துக்கொண்டு, புதிய ஸ்திரீபார்ட் ஏன் வரவில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

2020-ஆம் ஆண்டு பங்குனியில், சீசன் சூடு பிடிக்கும் நேரத்தில், ஊரடங்கு வந்து எல்லாத் திருவிழாக்களும் நின்றன. மறு ஆண்டும் சித்திரையோடு மறுபடி அடைத்தார்கள். ஆண்டு முழுவதுக்குமான வருமானத்தை ஆறு மாதத்தில் சம்பாதிக்கும் கலைஞர்களுக்கு அது என்ன செய்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆர்மோனியத்தை விற்றவர்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள், திரும்பி வராதவர்கள் உண்டு. திருவிழாக்கள் மீண்டும் தொடங்கியபோது நாம் பந்தலையும் வாணத்தையும் பழைய அளவுக்குக் கொண்டுவந்தோம். நாடக நாளை மட்டும் பல ஊர்களில் திரும்பக் கொண்டுவரவில்லை.

செட்டிநாடு எதையும் காப்பாற்றத் தெரியாத நாடு என்றால் இந்த மடலுக்கே வேலையில்லை. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் விழா பங்குனியில் கம்பன் சமாதி உள்ள நாட்டரசன்கோட்டையோடு சேர்ந்து இன்றும் நடக்கிறது. ஒரு காப்பியத்தை எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர்ப் பேச்சாக வைத்திருக்க முடிந்த மண் இது. கோட்டையூரில் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிய காசில் பழைய புத்தகங்களையும், பத்திரிகைகளையும், பாட்டுப் புத்தகங்களையும், நாடக நோட்டீசுகளையும் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்தபின் அந்தச் சேகரம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்குப் போய், அவர் பெயரிலேயே நூலகமாயிற்று. நம் பொட்டல்களில் யார் ஆடினார்கள், எந்தக் கொட்டகையில் என்ன விலைக்கு டிக்கெட் விற்றது என்று தெரிந்துகொள்ள நம் பிள்ளைகள் சென்னைக்குத்தான் போக வேண்டும். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தபோது நாம் பெருமைப்பட்டோம். வீட்டுக்கும், ஆத்தங்குடிக் கல்லுக்கும், கண்டாங்கிச் சேலைக்கும், சமையலுக்கும் இன்று வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது. அந்த ஆட்களுக்குச் சாயங்காலம் என்ன காட்டுவது என்று மாளிகை விடுதி நடத்துபவர்கள் கேட்கிறார்கள். எங்கிருந்தோ ஒரு நடனக் குழுவை அழைத்து வருகிறார்கள். பத்து மைல் தொலைவில் ஒரு வள்ளி சும்மா உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. பயணிகளுக்காக நாடகம் நடத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி நடத்தினால் அரை மணி நேரத்துக்கு வெட்டிவிடுவார்கள் என்ற பயமும் எனக்கு உண்டு. நமக்காக நடத்தினால் போதும், வருகிறவர் வந்து பின்வரிசையில் உட்காரட்டும்.

உங்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. வருகிற திருவிழாவில் நாடகத்துக்கென்று ஓர் இரவை ஒதுக்கும்போது, அந்த ஒரு நாள் மட்டும் சாமி புறப்பாட்டையும் அன்னதானத்தையும் சற்று முன்னே தள்ளி, மாலை 6 மணிக்கே திரையைத் தூக்கச் சொல்லுங்கள். தளர்த்திய நேரமான 12 மணி வரை காவல்துறையிடம் எழுத்து மூலமாக முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஆறு மணி நேரம் கிடைத்தால் பபூனும் தர்க்கமும் கல்யாணமும் குறைவில்லாமல் நடக்கும். கலைஞர்களோடு பேசிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பேசிய சம்பளத்தை முழுதாக, நாடகம் முடிந்த அன்றே கொடுங்கள். நேரம் குறைந்தது என்று சம்பளத்தைக் குறைக்க வேண்டாம். நேரத்தைக் குறைத்தது அவர்கள் இல்லை. அன்பளிப்பு கொடுக்க விரும்புகிறவர்கள் கதையின் இடைவேளையில் கொடுக்கட்டும் என்று நோட்டீசிலேயே போட்டுவிடுங்கள். சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்பக் கூடாது என்பதையும் அதிலேயே சேருங்கள். பொன்னாடை போர்த்துகிற சடங்கை வேறொரு நாளுக்கு மாற்றுங்கள். எந்தப் பிரமுகரும் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்துக்கொண்டால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

மூப்படைந்த கலைஞர்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு, நலவாரியமும் உண்டு. ஆனால் பாடத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதற்கு வாரியம் போதாது. காரைக்குடியைச் சுற்றியுள்ள கமிட்டிகள் நாலைந்து சேர்ந்தால், அனுபவமுள்ள ராஜபார்ட் ஒருவரையும் ஆர்மோனியக்காரர் ஒருவரையும் கோடை விடுமுறையில் ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து, விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு வள்ளி திருமணப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கச் செய்யலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு நாள் வாணவேடிக்கைச் செலவுக்குள் அடங்கும். தர்க்கத்தில் தேர்ந்த மூத்த கலைஞர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் மேடையில் பேசுவதை முழுதாகப் பதிவு செய்து வைப்பதற்கு ஒரு நல்ல மைக்கும் பொறுமையுள்ள ஓர் இளைஞனும் போதும். ஆடல் பாடல் வேண்டும் என்று வாதாடும் நற்பணி மன்றத்துப் பிள்ளைகளிடமே அந்த வேலையைக் கொடுங்கள் என்பது என் யோசனை. கேமராவும் கணினியும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

எங்கள் ஊரில் வரும் பங்குனித் திருவிழாவின் ஐந்தாம் நாள் மண்டகப்படியில் வள்ளி திருமணம் வைப்பதாகத் தீர்மானம் ஆகி, முன்பணமும் கொடுத்தாயிற்று. பக்கத்து ஊர்களின் கமிட்டிகள் தங்கள் நாடக நாளை முன்னதாகத் தெரிவித்தால், அதே கலைஞர்களை அடுத்தடுத்த இரவுகளுக்குச் சேர்த்துப் பேசி, அவர்களுக்குப் பயணச் செலவும் நமக்கு வேன் வாடகையும் மிச்சமாகும்படி ஏற்பாடு செய்யலாம். மாசி முதல் வாரத்துக்குள் தகவல் கிடைத்தால் தேதி வாங்குவதற்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டத்து ஊர் ஒன்றின் விழாக் கமிட்டிக் கணக்கர்